ராயபுரத்தில் பழைய பீங்கான் வாங்கும்போது

எங்க ராயபுரத்தில் பழைய வீடு எதையாவது காலி பண்ணுகிறார்கள் என்று சேதி வந்தால், முதலில் செல்போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச் முக்கியம்.

தட்டைத் தூக்கிப் பிடித்து, பின்னால் விரலை வைத்து, விரலுக்கும் பின்னாலிருந்து வெளிச்சம் அடியுங்கள். விரலின் நிழல் தெரிந்தால் பெரும்பாலும் போர்சலின்தான், அதாவது வெளிச்சம் ஊடுருவும் உயர்ந்த ரகப் பீங்கான். அப்புறம் கவிழ்த்துப் பாருங்கள். நீல நிறத்தில் குறுக்கே வைத்த இரண்டு வாள், ஜெர்மனியின் மைசன் முத்திரை; 1710-இல் தொடங்கிய ஆலை. ஆனால் அதைக் காப்பியடித்தவர்கள் ஏராளம். வாளுக்காக மட்டும் காசை நீட்டாதீர்கள். நாட்டின் பெயர் அச்சிட்டிருந்தால் அநேகமாக 1891-க்குப் பிந்தைய சரக்கு; அமெரிக்க இறக்குமதிச் சட்டம் அப்போதுதான் அதைக் கட்டாயமாக்கியது.

வெண்கலத்தில் நான் ஏமாந்தேன். குதிரைவீரன் பொம்மை, நாலாயிரம் ரூபாய். காந்தம் ஒட்டவில்லை என்றதும் துள்ளினேன். துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது என்று அன்றைக்குத் தெரியாது. வீட்டில் குதிரையின் கால் ஒடிந்தது. உள்ளே சாம்பல் நிறம். அடிப்பக்கம் மறைவாகக் கொஞ்சம் சுரண்டியிருந்தால் போதும்: வெண்கலம் என்றால் பொன்னிறம் காட்டும்.

தங்கக்கரை போட்ட கோப்பையைச் சபீனா போட்டுத் தேய்க்காதீர்கள். என் மனைவி தேய்த்தாள். இப்போது அது வெறும் வெள்ளைக் கோப்பை.