கொலையாளி பிடிபட்ட பிறகு: ஜெர்மனியில் நடக்கும் உளவியல் த்ரில்லர் எழுதுவது எப்படி

கொலையாளி யார் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. கையில் விலங்கோடு எதிரே உட்கார்ந்திருக்கிறான். மீதி முந்நூறு பக்கத்துக்கு வாசகரை எது பிடித்து வைக்கும்? 'அவன் மனசு' என்று சொல்லித்தான் பலரும் எழுத ஆரம்பிக்கிறார்கள். மனசு இரண்டு அத்தியாயம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. கதையை ஓட்டுவது பேரம். அவனிடம் போலீசுக்கு வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது: உடல் புதைத்த இடம், இன்னும் உயிரோடு இருக்கக்கூடிய ஒருத்தி, யாருக்கும் தெரியாத பழைய கொலைகள். பதிலுக்குக் கொடுக்கப் போலீசிடம் என்ன இருக்கிறது?

கதையை ஜெர்மனியில் வைத்தால் விடை சுருக்கமானது. அநேகமாக ஒன்றும் இல்லை. 1949-இல் வந்த அரசியல் சட்டம் மரண தண்டனையை ஒழித்துவிட்டது. அதனால் 'தூக்கிலிருந்து காப்பாற்றுகிறேன், இடத்தைச் சொல்' என்ற அமெரிக்கப் பாணிப் பேரம் அங்கே கிடையாது. கொலை என்று தீர்ப்பானால் ஆயுள் தண்டனை கட்டாயம், குறைத்துத் தருகிறேன் என்று போலீசால் வாக்களிக்க முடியாது. அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. இந்த வெறுங்கைதான் இந்தக் களத்தின் பலம்.

முதலில் நாணயத்தைத் தீர்மானியுங்கள்

பேரத்தில் கைமாறும் பொருளைத்தான் நாணயம் என்கிறேன். ஒரு வரி எழுதுவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடது பக்கம் அவனிடம் இருப்பவை, வலது பக்கம் அவனுக்கு வேண்டியவை. வலது பக்கத்தில் 'அங்கீகாரம்', 'விளையாட்டு' போன்ற மேகமூட்டமான சொற்களை எழுதினால் நாவல் நடுவில் படுத்துவிடும். கையால் தொடக்கூடிய ஒன்றாக இருக்கட்டும்.

நிஜத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. டுசல்டார்ஃப் நகரை நடுங்கவைத்த தொடர்கொலையாளி பீட்டர் கூர்ட்டன் 1930 மே மாதம் பிடிபட்டது துப்பறிதலால் அல்ல. தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, காட்டிக் கொடுத்து வெகுமதிப் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னது அவனேதான். அவள் முதுமைக்குப் பணம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இத்தனை கொடூரம் செய்தவன் இந்த ஒரு விஷயத்தில் அக்கறையுள்ள கணவனாக இருந்தான் என்பதை எந்த உளவியல் விளக்கத்தாலும் ஈடுகட்ட முடியாது.

சட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் நாணயங்களும் உண்டு. ஆயுள் தண்டனைக் கைதி 15 ஆண்டுகள் கழித்து விடுதலைக்கு மனுச் செய்யலாம். 'குற்றத்தின் தனித்த கொடுமை' என்று நீதிமன்றம் தீர்ப்பிலேயே குறித்துவிட்டால் அந்த 15-ஆம் ஆண்டுக் கதவு திறக்காது. தண்டனை முடிந்த பிறகும் ஆபத்தானவரை உள்ளேயே வைத்திருக்கும் தடுப்புக் காவல் வேறு தனியாக இருக்கிறது. சிறையா, மனநல மருத்துவமனையா என்பது மூன்றாவது. கவனம்: இவை எல்லாம் நீதிமன்றத்தின் கையில் இருப்பவை. 'பதினைந்து வருஷத்தில் வெளியே வந்துவிடலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று உங்கள் அதிகாரி சொல்லிவிட்டால், சட்டத்தில் இல்லாத சலுகையை வாக்களித்ததாக ஆகும். அந்த வாக்குமூலம் குப்பைக்குப் போகும்.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத இன்னொரு நாணயம் காலாவதி, அதாவது இத்தனை ஆண்டு கழிந்தால் தண்டிக்க முடியாது என்ற கெடு. ஜெர்மன் சட்டம் உயிர்பறிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. பேராசை, காம இச்சை, வஞ்சகம், கொடூரம், வேறொரு குற்றத்தை மறைப்பது போன்ற அடையாளங்களில் ஒன்றாவது இருந்தால் 'மோர்ட்'. இல்லாவிட்டால் 'டோட்ஷ்லாக்'. மோர்டுக்கு 1979 முதல் காலாவதி இல்லை. டோட்ஷ்லாக் 20 ஆண்டில் காலாவதியாகிவிடும். ஆக, 1995-இல் நடந்த ஒரு சாவை உங்கள் ஆள் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம், விவரங்களை மட்டும் சரியாக அடுக்கினால் போதும். 'சண்டை வந்தது, தள்ளினேன்' என்றால் தண்டனையே இல்லை. 'பின்னாலிருந்து வந்தேன்' என்றால் ஆயுள். ஒரே உடல், ஒரே இரவு, ஒரு சொல்தான் வித்தியாசம். இதை வைத்தே நாற்பது பக்கம் எழுதலாம்.

கடிகாரம்

கைதானவரைத் தாமதமில்லாமல், அதிகபட்சம் கைதான மறுநாள் முடிவதற்குள், நீதிபதி முன் நிறுத்த வேண்டும். '48 மணி நேரம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், கணக்கு நாட்காட்டியில் ஓடுகிறது. திங்கட்கிழமை நள்ளிரவு தாண்டி 12.10-க்குக் கைது என்றால் செவ்வாய் நள்ளிரவு வரை ஏறத்தாழ இரண்டு முழு நாள். அதற்கு இருபது நிமிடம் முன்பு, ஞாயிறு இரவு 11.50-க்குக் கைது என்றால் கெடு திங்கள் நள்ளிரவுதான்: 24 மணி 10 நிமிடம். கைது நேரத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள், அதனால் இருபது நிமிடத்தில் கதையின் வேகத்தையே மாற்றலாம். நீதிபதி காவல் ஆணை போட்ட பிறகும் விசாரிக்க முடியும். ஆனால் அதற்குள் வக்கீல் வந்து உட்கார்ந்திருப்பார், 'பேசாதே' என்பதுதான் அவருடைய முதல் அறிவுரையாக இருக்கும்.

80,000 சொல் நாவல் என்றால் இந்த முதல் இரண்டு நாளுக்கு 30,000 வரை கொடுக்கலாம். காவலில் கழியும் மாதங்களுக்கு இன்னொரு 30,000, நீதிமன்றத்துக்கு 15,000, மிச்சம் வெளியே நடக்கும் தேடலுக்கு. விசாரணைக் காட்சி எதுவும் 2,000 சொல்லைத் தாண்ட வேண்டாம். அறைக்குள் காற்று வராது.

அறைக்குள்

2020 ஜனவரி முதல், வேண்டுமென்றே செய்த கொலை வழக்குகளில் சந்தேக நபரின் விசாரணையைப் படமும் ஒலியுமாகப் பதிவு செய்வது விதி. கேமராவை அணைத்துவிட்டு மேசை மேல் பாயும் அதிகாரி 1970-களின் ஆள். கேள்விக்கு முன், என்ன குற்றம், மௌனமாக இருக்கும் உரிமை, வக்கீல் உரிமை மூன்றையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் பொதுவாக நீதிமன்றத்தில் செல்லாது என்பது நம் வாசகருக்குப் பழகிய விஷயம். அந்தப் பழக்கத்தில் எழுதினால் இங்கே கால் இடறும். ஜெர்மனியில் முறையாக எடுத்த வாக்குமூலத்தை விசாரித்த அதிகாரியே சாட்சியாக வந்து சொல்லலாம். அதனால்தான் அறையில் விழும் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 136ஏ பிரிவை நாவல் முடியும்வரை மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். துன்புறுத்தல், களைப்படையச் செய்தல், மருந்து, ஹிப்னாடிசம், ஏமாற்றுதல், மிரட்டல் எல்லாமே தடை. குற்றவாளியே சம்மதித்தாலும் அப்படி வந்த வாக்குமூலத்தைப் பயன்படுத்த முடியாது. 'உன் கூட்டாளி கக்கிவிட்டான்' என்ற பொய்யும், இல்லாத ஆதாரத்தை 'மலைபோல் குவிந்திருக்கிறது' என்பதும் இதில் அடக்கம். தந்திரத்துக்கு இடம் உண்டு: தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது, கேள்வியின் வரிசையை மாற்றுவது, பதிலுக்குப் பிறகு ஒரு நிமிடம் சும்மா இருப்பது. உங்கள் அதிகாரியின் திறமை இந்த மூன்றில்தான் தெரிய வேண்டும்.

பெர்லின் கொலைப் பிரிவின் தலைவராக இருந்த ஏர்ன்ஸ்ட் கென்னாட் இதில் முன்னோடி. அடி உதை அவருக்கு ஆகாது. கேக் கொடுத்து, சுருக்கெழுத்துச் செயலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அலுக்காமல் பேசிக்கொண்டே இருப்பார். 'தொடர்கொலையாளி' என்பதற்கான ஜெர்மன் சொல்லை 1930-இல் கூர்ட்டன் வழக்கைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தியவரும் அவரே.

உரையாடலில் மரியாதைப் பன்மையை விடாதீர்கள். ஜெர்மன் அதிகாரி கொலையாளியை 'ஸீ' என்றுதான் அழைப்பார், அதாவது 'நீங்கள்'. தமிழ் சினிமாப் பழக்கத்தில் 'டேய்' வந்துவிட்டால் ஊர் மாறிவிடும். எல்லாப் பக்கமும் 'நீங்கள்' என்றே எழுதி, ஒரே ஓர் இடத்தில் 'நீ' என்று இறக்குங்கள். அதை யார் முதலில் சொல்கிறார் என்பது பெரிய முடிவு.

மிரட்டினால் என்ன ஆகும்

'குழந்தை உயிருக்கு ஆபத்து, ரெண்டு போடு போட்டால் சொல்லிவிடுவான்' என்ற காட்சியை எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எழுதுங்கள், விளைவோடு எழுதுங்கள். 2002-இல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் 11 வயதுப் பையன் கடத்தப்பட்டான். பணயப் பணம் எடுத்த சட்ட மாணவர் கைதானார், இடத்தைச் சொல்லாமல் போக்குக் காட்டினார். பையன் உயிரோடு இருக்கலாம் என்று நம்பிய நகரக் காவல்துறைத் துணைத் தலைவர் வொல்ஃப்காங் டாஷ்னர், வலி உண்டாக்குவோம் என்று மிரட்ட உத்தரவிட்டார். இடம் வெளியே வந்தது. பையன் ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தான்.

கதாசிரியருக்கு முக்கியம் இதற்குப் பின் நடந்தது. டாஷ்னர் தான் செய்ததைத் தானே குறிப்பெழுதிக் கோப்பில் வைத்தார். முந்தைய வாக்குமூலங்களை நீதிமன்றம் ஒதுக்கியது. அந்த மாணவர் விசாரணையின்போது மறுபடி ஒப்புக்கொண்டதால் 2003-இல் ஆயுள் தண்டனை, கூடவே குற்றத்தின் தனித்த கொடுமையும் குறிக்கப்பட்டது. 2004 டிசம்பரில் டாஷ்னரும் குற்றவாளி என்றே தீர்ப்பானது, 10,800 யூரோ அபராதம் நிறுத்திவைக்கப்பட்டது. 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த மாணவரின் உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. நல்லவர் சட்டத்தை மீறினார், கெட்டவர் சட்டத்தில் வென்றார். இதில் யார் பக்கம் நிற்பது என்று வாசகரை நெளியவைக்க முடிந்தால் அந்த அத்தியாயம் தேறிவிட்டது.

மனநல நிபுணர்

அவர் நீதிமன்றம் நியமிப்பவர். அரசுத் தரப்பு ஒருவர், எதிர்த்தரப்பு ஒருவர் என்று மோதும் அமெரிக்க ஏற்பாடு அங்கே வழக்கம் இல்லை. அவரிடம் சொல்வது ரகசியம் ஆகாது, அதை அவரே முதலில் தெளிவுபடுத்துவார். பேச மறுக்கலாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவமனையில் ஆறு வாரம் வரை வைத்துக் கவனிக்க உத்தரவிடலாம். அந்த ஆறு வாரம் நாவலின் நடுப்பகுதிக்குக் கச்சிதம்.

அவர் பதில் சொல்வது இரண்டு படியில். கோளாறு சட்டம் சொல்லும் வகைக்குள் வருகிறதா? வருமானால், செய்வது தவறு என்று உணரும் திறனையோ, உணர்ந்தபின் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனையோ அது பாதித்ததா? 'சைக்கோபாத், அதனால் தண்டனை இல்லை' என்று எழுதுவதுதான் அடிக்கடி வரும் பிழை. இரக்கமில்லாதவன் என்பது நோய்ச் சான்றிதழ் ஆகாது. சிறுவர்களைக் கொன்ற யூர்கன் பார்ட்ஷ் வழக்கில் மதிப்பீடு மாறியபோது 1967-இல் கொடுத்த ஆயுள் தண்டனை 1971-இல் இளங்குற்றவாளிகளுக்கான பத்தாண்டுத் தண்டனையும் மனநல மருத்துவமனையுமாக மாறியது. அப்படி மாற மேல்முறையீடும் புதிய நிபுணர்களும் தேவைப்பட்டார்கள்.

கொலையாளியின் குரலுக்கு ஹனோவரின் ஃப்ரிட்ஸ் ஹார்மனைப் பாருங்கள். போலீசுக்கே துப்புக் கொடுத்தவன், பழைய துணி விற்றவன். 1924-இல் கோட்டிங்கனில் மனநல மருத்துவர் ஏர்ன்ஸ்ட் ஷுல்ட்ஸ அவனோடு வாரக்கணக்கில் பேசினார். ஓவியம், ஒயின், செவ்வியல் இசை ரசிக்கும் மேதைக் கொலையாளி நமக்கு இரவல் வந்த பொம்மை. அடுத்த வேளைச் சோற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவன் அவனைவிட அதிகம் பயமுறுத்துவான்.

'நினைவில்லை' என்ற பதிலையும் சேமித்து வையுங்கள். நோயாளிகளைக் கொன்ற செவிலியர் நீல்ஸ் ஹோகல் வழக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட உடல்களைத் தோண்டியெடுக்க வேண்டியிருந்தது. 2019-இல் ஓல்டன்பர்க் நீதிமன்றம் 85 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, 15 குற்றச்சாட்டுகளில் விடுவித்தது. அந்த 15 குடும்பங்களில் ஒன்றை உங்கள் கதைக்குள் கொண்டுவரலாம்.

ஆதாரம் கவிழும் இடம்

நடுவில் ஒரு முறை தடயம் சரிய வேண்டும். ஹைல்பிரானில் 2007-இல் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் உட்பட, மூன்று நாடுகளில் ஏறத்தாழ நாற்பது இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்தது. 2009-இல் தெரிந்தது: அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைக் கையாண்ட தொழிலாளியுடையது. கிருமி நீக்கம் செய்த குச்சியில் கிருமிதான் இருக்காது, டி.என்.ஏ. இருக்கும். இந்த வேறுபாட்டை வக்கீல் கண்டுபிடிக்கும்படி வைத்தால், வாக்குமூலம் மட்டுமே மிஞ்சும்.

நீதிமன்றம், சுருக்கமாக

ஜூரி இல்லை. மூன்று நீதிபதிகளும் இரண்டு பொதுமக்கள் நீதிபதிகளும் சேர்ந்து ஐவர், குற்றவாளி என்று சொல்ல நால்வர் வேண்டும். சுத்தியல் தட்டுவதில்லை. விசாரணை தொடங்கும்போது கேமராக்கள் வெளியேற வேண்டும். இறந்தவர்களின் குடும்பத்தார் வழக்கில் இணைந்து, தங்கள் வக்கீலோடு உள்ளே உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். சாட்சி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எழுதிவைக்கும் பதிவேடும் அங்கே கிடையாது. நீதிபதிகள் தங்கள் குறிப்புகளை நம்பித்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். வாதங்கள் முடிந்ததும் கடைசிச் சொல் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அதை ஐந்து வரிக்குள் முடியுங்கள், விளக்கம் கொடுக்க விடாதீர்கள்.

முதல் வரைவு முடிந்ததும் விசாரணைக் காட்சிகளை மட்டும் அச்செடுங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவன் எதைக் கொடுத்தான், எதை வாங்கினான் என்று எழுதுங்கள். இரண்டும் காலியாக இருக்கும் காட்சியை, எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், வெட்டிவிடுங்கள்.