நிண்டெண்டோவின் அடுத்த நகர்வு: கணிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

2021 தொடக்கத்திலிருந்தே, நிண்டெண்டோவின் வீடியோ கேம் கன்சோலான ஸ்விட்சின் மேம்பட்ட மாடலாக ‘ஸ்விட்ச் புரோ’ வருகிறது என்ற பேச்சு ஓயவில்லை. 7 அங்குல ஓலெட் திரை இருக்கும், டிவியில் இணைத்தால் 4கே எனும் மிகத் துல்லியமான படம் தெரியும் என்றார்கள். ஜூலை 6 அன்று புதிய மாடல் அறிவிக்கப்பட்டது. சொன்னபடியே 7 அங்குல ஓலெட் திரை இருந்தது. 4கே இல்லை. நிண்டெண்டோ ஏமாற்றிவிட்டது என்று பலர் கொதித்தார்கள். 4கே தருகிறேன் என்று அந்த நிறுவனம் எப்போது சொன்னது?

ஒரு செய்தியில் பாதி பலித்தால் மீதியும் பலிக்கும் என்று நம்புவதுதான், என் கணக்கில், முதல் தவறு. 2018 அக்டோபரில், பல விளையாட்டுகளின் பாத்திரங்கள் மோதும் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்டின் பாத்திரப் பட்டியல் என்று ஒரு படம் கசிந்தது. ஓரத்தில் ஓர் அனிமேஷன் படத்தின் விளம்பரத் துணுக்கும் தெரிந்ததால், அச்சகத்தில் எடுத்த நிஜப் படம் என்றே பலரும் நம்பினார்கள். நிண்டெண்டோவின் நவம்பர் 1 ஆன்லைன் அறிமுக நிகழ்ச்சியில் அது போலி என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலில் இருந்த கென் என்ற பாத்திரம் அன்றே அறிவிக்கப்பட்டது; பாஞ்சோ என்ற பாத்திரம் மறு ஆண்டு வந்தது. ரசிகர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்த பெயர்களைப் பட்டியலிட்டால் ஒன்றிரண்டு பலிக்கத்தான் செய்யும்.

அடுத்தது, நிறுவனம் சொன்னதை அரைகுறையாகப் படிப்பது. 2024 மே 7 அன்று தலைவர் ஃபுருகாவா, ஸ்விட்சின் வாரிசு பற்றி இந்த நிதியாண்டுக்குள் அறிவிப்போம், ஜூன் நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேச மாட்டோம் என்றார். நிண்டெண்டோவின் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. ‘இந்த நிதியாண்டு’ என்பதைப் பலர் ‘இந்த ஆண்டு’ என்று எடுத்துக்கொண்டார்கள். ‘அறிவிப்போம்’ என்பதை ‘விற்போம்’ என்று படித்தவர்களும் உண்டு. அறிவிப்பு 2025 ஜனவரி 16 அன்று வந்தது. விற்பனை ஜூன் 5 அன்று, அதாவது அடுத்த நிதியாண்டில்தான் தொடங்கியது. சொன்ன சொல் துளியும் பிசகவில்லை.

கன்சோல்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளைக் கூட்டி வகுத்துச் சராசரி காண்பதும் பயன் தராது. ஸ்விட்சுக்கு முந்தைய கன்சோலான வீ யூ 2012 நவம்பரில் வந்தது. விற்பனை ஒன்றரைக் கோடியைக்கூட எட்டாததால் 2017 மார்ச்சிலேயே ஸ்விட்ச் வந்துவிட்டது. 15 கோடிக்கு மேல் விற்ற ஸ்விட்சை மாற்ற அப்படி எந்த அவசரமும் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

காப்புரிமை விண்ணப்பங்களைப் பற்றி ஒரு வரி போதும்: அவை தயாரிப்புகள் அல்ல. மேடையில் காட்டியதே வராமல் போனதுண்டு. 2009இல் அறிமுகமான, விரலில் மாட்டி நாடித்துடிப்பை அளக்கும் வீ வைட்டாலிட்டி சென்சார் இன்றுவரை கடைக்கு வரவில்லை. பிக்மின் 4 என்ற விளையாட்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று நிண்டெண்டோவின் மூத்த வடிவமைப்பாளர் மியாமோட்டோ 2015இல் சொன்னார். விளையாடக் கிடைத்தது 2023இல்.

கணிப்பை எழுதும்போதே தேதியையும், எது நடந்தால் அது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். நான் அதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். நிண்டெண்டோவின் பழைய பந்தய விளையாட்டுத் தொடரைப் பற்றி ஆண்டுதோறும் ‘எஃப்-ஜீரோ திரும்பும்’ என்று எழுதிவந்தேன். 2023 செப்டம்பரில் திரும்பியது, 99 பேர் ஆன்லைனில் மோதும் எஃப்-ஜீரோ 99 ஆக. என் நோட்டில் அதற்குச் சரி போடுவதா, தவறு போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.