மலையிறக்கத்தில் வேகத்தைப் பிடித்து ஓட்டுவது எப்படி?

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக முதன்முறை இறங்கப் போகும் புதிய சாரதிகளுக்காக இதை எழுதுகிறேன்.

இலங்கையில் காருக்குக் கடைகளும் வீடுகளும் நெருங்கிய இடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. முச்சக்கர வண்டிக்கு 40. அதைத் தாண்டினால் குற்றம். அதற்குள் ஓடினால் ஆபத்தில்லை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் 25 கூட அதிகம்.

முதலில், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். அதே மேட்டில் ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதில், அல்லது அதற்கும் ஒன்று குறைத்து இறங்குங்கள். இயந்திரமே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டோ கியர் என்றால் 'எல்' அல்லது '2'. பல ஹைபிரிட் கார்களில் 'பி' (B, நிறுத்தும்போது போடும் P அல்ல). பெற்றோலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்றைய இயந்திரங்கள் கியரில் இறங்கும்போது, எக்சிலேட்டரில் கால் இல்லாவிட்டால், எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன.

அடுத்தது பிரேக். காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும். பிரேக் எண்ணெய் கொதித்தால் குமிழி உண்டாகும். மிதி தரைவரை போயும் வண்டி நிற்காது. ஆகவே அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், காலை எடுங்கள், ஆற விடுங்கள். 2023 ஜனவரியில் நானுஓயா–ரதல்ல சரிவில் பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் இறந்தார்கள். அங்கே முந்திச்செல்ல அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும்.

வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காதீர்கள். நுழையும் முன்பே குறைத்து, ஹோர்ன் அடித்து, இடப்பக்கத்தை விடாமல் திரும்புங்கள். எதிரே கொழுந்து லொறி ஏறி வந்தால் நீங்கள் ஒதுங்குங்கள். பாரத்தோடு மேட்டில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது அதற்குப் பெரும்பாடு. பனிமூட்டத்தில் விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

கருகிய வாடை வந்தால் அகலமான சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடக்கூடும். அரை மணி நேரம் ஆனாலும் தானாக ஆறட்டும்.