குதிரையில போய் ஜியோகேச் தேடுறவியளுக்கு

தேரிக்காட்டுல குதிரையில போய் ஜியோகேச் (ஜிபிஎஸ் பாத்து கண்டுபிடிக்கிறதுக்குன்னு ஒளிச்சு வச்சிருக்குற டப்பா) தேடுறவிய போனை சேணப்பையில போடாதீய, உங்க இடுப்புலயே வச்சிக்கிடுங்க, குதிரை மிரண்டு ஓடுச்சுன்னா மேப்பும் சேந்தே போயிரும். வெட்டவெளியிலயே போன் ஜிபிஎஸ் ஒரு 5 மீட்டர் முன்னப்பின்ன தான் காட்டும், மரத்தடியில இன்னும் மோசம், அதனால கிட்ட வந்ததும் இறங்கி நடந்தே தேடுங்க. முக்கியமா கடிவாள வாரை மரத்துல கட்டவே கூடாது, குதிரை வெடுக்குன்னு இழுத்தா வாய் கிழிஞ்சிரும் பாவம். தலைக்கயிறு தனியா கொண்டு போய், குதிரை முதுகு உயரத்துக்கு, நுனியப் பிடிச்சு இழுத்தா ஒரே இழுப்புல அவுந்துவாற முடிச்சா போடுங்க. டப்பாக்குள்ள இருக்க நோட்டுல பேர எழுதிட்டு, டப்பாவ இருந்த இடத்துலயே வைக்கணும், மண்ணுல புதைக்கக்கூடாது, அது ரூல். உடைமரம் பக்கம் கட்டிராதீய, அம்புட்டும் முள்ளு, ஏறுறதுக்கு முன்ன நாலு குளம்பையும் தூக்கிப் பாத்துக்கிடுங்க.