பிஎச்பிமைஅட்மின் சாமானுக்குத் தனி இடம் போட்டுக் குடுங்க

மண்டபத்துல ஒரு நண்டு கம்பெனியோட எடைக்கணக்கு டேட்டாபேஸ நான்தான் பாத்துக்குறேன். ஆரம்பத்துல சோம்பேறித்தனம், பிஎச்பிமைஅட்மின் (பிரவுசர்லயே மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ பாத்துக்குற டூல்) தனக்குன்னு வச்சுக்குற புக்மார்க் (நாம சேத்து வச்ச குவெரி, அதாவது டேட்டாபேஸுக்குப் போடுற கட்டளை), ஹிஸ்டரி டேபிளயெல்லாம் கம்பெனி டேட்டாபேஸுக்குள்ளயே இறக்கிட்டேன். ஒருநாள் கரண்டு போய் டேபிள் கெட்டுப்போச்சு, முந்தின ராத்திரி பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணோம், காலையில போட்ட எடைய சீட்டப் பாத்து திரும்ப ஏத்தியாச்சு, ஆனா அன்னைக்கு நான் உக்காந்து எழுதிச் சேத்து வச்ச குவெரிக்கு சீட்டா இருக்கு? இது பரவால்ல, ஆடிட்டருக்குக் குடுத்த டம்ப்ல (டேட்டாபேஸ அப்படியே ஃபைலா எடுத்த காப்பி) நான் அடிச்ச குவெரி ஹிஸ்டரி பூராவும் போயிருந்துச்சு!

வலை தைக்கிற ஊசிய மீன் கூடையில போட்டு வச்சா, கூடை ஏலத்துக்குப் போறப்ப ஊசியும் சேந்து போயிரும்ல, அதே கததான்.

சரி, வேலைக்கு வருவோம். ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலம், கம்பெனியில கூட்டம் இருக்காது, அப்ப உக்காருங்க.

1. மொதல்ல ஃபுல் பேக்கப்.

2. பிஎச்பிமைஅட்மின் ஃபோல்டருக்குள்ள எஸ்க்யூஎல்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல கிரியேட்_டேபிள்ஸ் ஃபைல இம்போர்ட் பண்ணுங்க. பிஎச்பிமைஅட்மின்ங்கற பேர்லயே தனி டேட்டாபேஸ் அதுவா உருவாக்கிக்கும்.

3. பிஎம்ஏன்னு தனி யூசர். அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் செலக்ட், இன்சர்ட், அப்டேட், டெலீட் குடுத்தாப் போதும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர மட்டும் போட்டுறாதீங்க, ஏன்னா இந்த பாஸ்வேர்டு கான்ஃபிக் ஃபைல்ல அப்படியே கண்ணுக்குத் தெரியுற மாதிரி கெடக்கும்.

4. கான்ஃபிக்.இன்க் ஃபைல்ல கண்ட்ரோல்யூசர், கண்ட்ரோல்பாஸ், பிஎம்ஏடிபி, அப்புறம் டேபிள் பேர் வரியெல்லாம் வேணும். சாம்பிள் ஃபைல்லயே இருக்கு, முன்னாடி நிக்கிற ரெண்டு சாய்கோட்ட எடுத்து விடுங்க. டேபிள் பேர்ல பிஎம்ஏவுக்கு அப்புறம் அண்டர்ஸ்கோர் ரெண்டு, நான் ஒன்னு போட்டுட்டு அரை நாள் முழிச்சேன்.

5. லாக்அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க. மொத பக்கத்துக்கு அடியில கான்ஃபிகரேஷன் ஸ்டோரேஜ் சரியா செட் ஆகலைன்னு எச்சரிக்கை வந்துச்சுன்னா நாலாவது ஸ்டெப்ப மறுபடி பாருங்க.

பிஜிஅட்மின் 4 (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான இதே மாதிரி டூல்) வச்சிருக்கவங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, அது சர்வர் லிஸ்ட்டயெல்லாம் தனியா ஒரு எஸ்க்யூலைட் ஃபைல்லதான் வச்சுக்கும், போஸ்ட்கிரெஸ் படுத்தாலும் லிஸ்ட் அங்கயே இருக்கும்.

பழைய டேபிள் கம்பெனி டேட்டாபேஸ்ல இன்னும் கெடந்தா, புக்மார்க்க மட்டும் புதுசுக்கு காப்பி பண்ணிட்டு மிச்சத்த டிராப் பண்ணிருங்க. ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்ட்ல இந்தப் புது டேட்டாபேஸ தனி ஃபைலா சேருங்க, கம்பெனி டம்ப்போட ஒட்ட வைக்காதீங்க.