மிளகாய்ச் செடியை வெட்டாமல் வளைத்து, வலையில் பரப்பி வளர்ப்பது எப்படி?

ஒரே நாளில் விதைத்த இரண்டு மிளகாய்ச் செடிகள் என்னிடம் அடுத்தடுத்த தொட்டிகளில் நிற்கின்றன. ஒன்று இடுப்புயரம் ஓங்கி, முட்டுக் குச்சியில் சாய்ந்து நிற்கிறது. பூவும் காயும் உச்சியில்தான். மற்றது முழங்கால் உயரம்கூட இல்லை. ஆனால் தொட்டியைத் தாண்டி நாலா பக்கமும் பரந்து, கிளைக்குக் கிளை பூத்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே உரம். இரண்டாவதை மட்டும் சின்ன வயதிலேயே வளைத்துக் கட்டினேன், அப்புறம் ஒரு வலைக்கு அடியில் பரப்பி விட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். அதை எப்படிச் செய்வது என்று முதல்முறை முயல்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏன் வளைக்க வேண்டும்?

எந்தச் செடியிலும் நுனிக்குருத்துதான் அதிகாரி. அங்கே உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்கி, இலைக் காம்புகளின் கக்கத்தில் இருக்கும் பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. 1930-களில் தீமன், ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் அவரையினச் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனியே இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன. சர்க்கரைக்கும் இதில் பங்கு உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது: வளரும் நுனி சர்க்கரையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் பக்க மொட்டு பட்டினி கிடக்கிறது.

நுனியைக் கிள்ளினாலும் பக்கக் கிளை வரும், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் வெட்டுக் காயம் ஆற நாளாகும், அதுவரை வளர்ந்த நுனியும் வீண். வளைத்தால் இரண்டு நஷ்டமும் இல்லை. உச்சியில் இருந்த நுனி மற்ற கணுக்களோடு ஒரே மட்டத்துக்கு இறங்கியதும் அதன் அதிகாரம் தளர்கிறது. இதுவரை நிழலில் கிடந்த கணுக்களுக்கு வெயிலும் நேரடியாகக் கிடைக்கிறது.

எப்போது தொடங்கலாம்?

நாற்று பெரிய தொட்டிக்கு மாறி, புது இலை விட்டு, நிஜ இலைகள் (முளைத்ததும் முதலில் விரியும் விதையிலைகள் கணக்கில் சேராது) ஆறு முதல் எட்டு வரை வந்திருக்க வேண்டும். உயரம் ஒரு சாண் போதும். மிளகாய்ச் செடி கொஞ்ச தூரம் ஒற்றைத் தண்டாகப் போய், முதல் பூ வரும் இடத்தில் கவட்டை போலப் பிரியும். அந்தக் கவட்டை விழுவதற்கு முன்பே முதல் வளைப்பை முடித்துவிடுவது நல்லது. காரணம், கவட்டை இருக்கும் இடம்தான் மிளகாய்ச் செடியிலேயே பலவீனமான இடம். விரல் கொஞ்சம் அழுத்தினாலும் சடக்கென்று பிளந்துவிடும்.

தொட்டி வாய் ஓர் அடி அகலமாவது இருக்கட்டும். கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணியைச் சுண்டுவிரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். நைலான் கயிறு, மீன்பிடி நரம்பு, மெல்லிய கம்பி இதெல்லாம் வேண்டாம். தண்டு பருக்கப் பருக்க அவை பட்டைக்குள் இறங்கி அறுத்துவிடும்.

முதல் வளைப்பு

காலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு வளைக்காதீர்கள். நீர் ஏறிய தண்டு விறைப்பாக இருக்கும், ஒடியும். மதியத்துக்கு மேல், மண் சற்றுக் காய்ந்து இலைகள் லேசாகத் தளர்ந்திருக்கும் நேரம்தான் தோது.

தொட்டி விளிம்பில் சுற்றிலும் ஏழெட்டுத் துளைகள் போடுங்கள். செடியை எந்தப் பக்கம் சாய்க்கப் போகிறீர்களோ, அதற்கு எதிர்ப்பக்கத் துளையிலிருந்து ஒரு துணிப்பட்டையை எடுத்து, தண்டின் அடியை முதலில் கட்டுங்கள். இதை விட்டுவிட்டால், நுனியை இழுக்கும்போது தண்டு வளைவதற்குப் பதில் வேரோடு சாயும். நான் பார்த்தவரை புதிதாகச் செய்பவர்கள் தவறவிடும் இடம் இதுதான்.

அப்புறம் நுனியிலிருந்து மூன்றாவது, நாலாவது கணுவுக்குக் கீழே இன்னொரு பட்டையைத் தளர்வாகக் கோத்து, மெதுவாக விளிம்பை நோக்கி இழுங்கள். முடிச்சுக்குள் ஒரு விரல் நுழைய இடம் இருக்கட்டும். ஒரே நாளில் தரையோடு படுக்க வைக்க வேண்டியதில்லை. இன்று பாதிச் சாய்வு, இரண்டு நாள் விட்டு இன்னும் கொஞ்சம். இழுக்கும்போது மற்றொரு கையின் விரலை வளைவின் வெளிப்புறத்தில் வைத்துக்கொண்டால், நார் விலகத் தொடங்குவது விரலுக்கே தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

சில மணி நேரத்தில் நுனி மட்டும் பாம்பு தலை தூக்குவது போல மேலே திரும்பியிருக்கும். பயப்பட வேண்டாம், கட்டு அவிழவில்லை. தண்டின் செல்களுக்குள் இருக்கும் மாவுச்சத்து மணிகள் புது ‘கீழ்ப்பக்கத்தில்’ படிந்து, ஆக்சினை அந்தப் பக்கம் திருப்பிவிடுகின்றன. அடிப்பக்கம் வேகமாக நீள, நுனி நிமிர்கிறது.

ஒரு வாரம், பத்து நாளில் படுத்த தண்டின் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பச்சைக் குருத்து மேல்நோக்கிக் கிளம்பும். வழக்கமாகக் கவட்டைக்குக் கீழே வருவதைக் கிள்ளி எறியச் சொல்வார்கள். இந்த முறையில் அவைதான் நமக்கு வேண்டிய கிளைகள், கை வைக்காதீர்கள். ஒரு விரல் நீளம் வளர்ந்ததும் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துக் கட்டுங்கள், சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி.

ஒடிந்துவிட்டால்

ஒடியும். எனக்கு இரண்டாவது செடியிலேயே ஒடிந்தது, கவட்டையில், பாதிக்கு மேல். பிடுங்கிப் போடவிருந்தவன், சரி பார்ப்போம் என்று பிளவை நேராகச் சேர்த்து, மின்சார வேலைக்குப் பயன்படும் டேப்பை இறுக்கமாகச் சுற்றி, பக்கத்தில் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து நிழலில் வைத்தேன். மறுநாள் அந்தக் கிளையின் இலைகள் துவண்டு தொங்கின. நாலாம் நாள் நிமிர்ந்தன. மூன்று வாரம் கழித்து டேப்பைப் பிரித்தபோது அந்த இடத்தில் கணு போல ஒரு புடைப்பு. பட்டை ஒரு பக்கமாவது அறுபடாமல் இருந்தால் ஒட்டிக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. முழுதாகத் துண்டானால் விட்டுவிட வேண்டியதுதான்.

வலை

கிளைகள் தொட்டி விளிம்பைத் தொட்டதும் வலையைக் கட்டலாம். சாமந்தி, கார்னேஷன் போன்ற கொய்மலர்ச் செடிகளுக்குப் படுக்கைவாட்டில் கட்டுகிறார்களே, அதே வலைதான். கண் ஒவ்வொன்றும் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதானால் காய் பறிக்கக் கை நுழையாது. மண்ணிலிருந்து ஓர் அடி உயரத்தில் கிடையாக, தொங்காமல் இழுத்துக் கட்டுங்கள்.

வலையின் சட்டத்தைத் தொட்டியிலேயே பொருத்துங்கள். நான் முதல் தடவை சுவரில் ஆணி அடித்துக் கட்டினேன். அதன்பிறகு தொட்டியை வெயிலுக்குத் திருப்பக்கூட முடியவில்லை.

ஒரு கிளை வலையைத் தாண்டி நாலு விரல் மேலே வந்ததும், அதைக் கீழே இழுத்து, அடுத்த கண் வழியாக வெளியே வர விடுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, காலியான கண்ணைப் பார்த்து நகர்த்த வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒரு வாரம் விட்டால் தண்டு முற்றிவிடும், பிறகு வளையாது.

வலையில் முக்கால்வாசி நிரம்பியதும் நிறுத்துங்கள். முழுதும் நிரப்ப ஆசையாக இருக்கும். ஆனால் கடைசி கால்வாசியைச் செடியே நிரப்பிக்கொள்ளும், நீங்கள் நிரப்பினால் நெரிசல்தான் மிஞ்சும். மொட்டு நிறையத் தெரியத் தொடங்கினாலும் வளைப்பதை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் தொந்தரவு செய்தால் மொட்டு உதிரும்.

வலைக்குக் கீழே வெயில் படாத சின்னக் கிளைகளையும் மண்ணைத் தொடும் இலைகளையும் நீக்கிவிடுங்கள். காற்றோட்டம் இல்லாத அந்த இருட்டில்தான் அசுவினிப் பூச்சி குடியேறும். இலை மூடிய பிறகு மண் கண்ணுக்குத் தெரியாது என்பதால், வலை கட்டும்போதே ஒரு சின்னக் குழாயை மண்ணில் செருகி வைத்தால் தண்ணீர் ஊற்றச் சுலபம். பழைய கட்டுகளையும் பத்து நாளுக்கு ஒருமுறை தளர்த்த மறக்காதீர்கள்.

எல்லாச் செடிக்கும் ஆகுமா?

தக்காளி மிளகாயைவிட நன்றாக வளையும். கத்தரியும் வளையும், முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடி ரோஜாவின் நீண்ட கிளைகளைக் கிடையாகக் கட்டினால் கணுவுக்குக் கணு பூக்கும். மக்காச்சோளம், ஒற்றைப் பூ விடும் சூரியகாந்தி இவற்றை வளைத்துப் பயனில்லை.

காய்ப்பு ஓய்ந்து செடியை எடுக்கும்போது கிளைகளை வலையிலிருந்து உருவப் பார்க்காதீர்கள், வலைதான் கிழியும். தூரில் வெட்டி, இரண்டு நாள் அப்படியே காய விட்டு, சிறு துண்டுகளாக நறுக்கி உதிர்த்தால் அடுத்த செடிக்கு அதே வலை ஆகும்.