டார்சி குளத்தில் குதிக்கவில்லை: ஆங்கிலக் காதல் நாவல்களிடம் நாம் செய்யும் தவறுகள்

தொடரை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு நாவலை எடுத்தவன் நான். ஜேன் ஆஸ்டினின் நாவலைத் தழுவி 1995இல் பிபிசி ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரில், காலின் ஃபர்த் நடித்த நாயகன் டார்சி குதிரையை விட்டு இறங்கி, கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் மாளிகைக் குளத்தில் குதிப்பார். நனைந்த வெள்ளைச் சட்டையோடு கரையேறி வரும்போது எதிரே நாயகி எலிசபெத் நிற்பாள். இந்த இடத்தை எழுத்தில் எப்படி வடித்திருப்பார்கள் என்ற ஆசையோடு பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். 43ஆம் அத்தியாயம் வந்தது, பெம்பர்லி மாளிகை வந்தது, டார்சியும் வந்தார். குளியல் மட்டும் வரவில்லை. கையில் இருப்பது சுருக்கப் பதிப்பு என்று முடிவுகட்டி, நூலகத்திலிருந்து வேறொரு பிரதியை எடுத்து வந்து சரிபார்த்தேன். அதிலும் அவர் குதிரை லாயப் பக்கமிருந்து சாதாரணமாக நடந்துதான் வருகிறார். இருவர் கன்னங்களும் சிவக்கின்றன. அவ்வளவுதான்.

குளம், தொடருக்குத் திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸின் சரக்கு. அந்த அத்தியாயத்தில் ஜேன் ஆஸ்டின் வைத்த வெடி வேறு. மாளிகையைச் சுற்றிக் காட்டும் ரெனால்ட்ஸ் அம்மாள், டார்சியை அவருடைய நான்காம் வயதிலிருந்து பார்த்துவருகிறவர், அவர் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல்கூடத் தான் கேட்டதில்லை என்கிறார். கர்வம் பிடித்தவர் என்று எலிசபெத் எழுதி வைத்திருந்த தீர்ப்பு, ஒரு வேலைக்காரப் பெண்மணியின் சாட்சியத்தில் ஆட்டம் காண்கிறது. குளத்தைத் தேடிக்கொண்டிருந்த நான் முதல் வாசிப்பில் இதைக் கவனிக்கவே இல்லை. திரையில் பார்த்ததை ஏட்டில் தேடுவதால் வரும் நஷ்டம் இதுதான்: அங்கே இல்லாததைத் தேடி, இருப்பதைத் தவறவிடுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காட்சிக்குக் காட்சி ‘நாவலில் இப்படி இல்லையே’ என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறீர்களா? சில வருடங்கள் அந்த ஆள் நானாகவே இருந்தேன். டார்சி முதல் தடவை மணம் கேட்கும் அத்தியாயத்தை நிதானமாகப் படித்த பிறகுதான் அடங்கினேன். காதலைச் சொல்ல அவருக்கு ஆஸ்டின் கொடுத்திருப்பது ஒரு சில வரி வசனம்தான். மற்றதைக் கதைசொல்லியே தன் சொற்களில் சுருக்கிவிடுகிறார்: நன்றாகத்தான் பேசினார், ஆனால் அன்பைப் பற்றி எவ்வளவு உருகினாரோ அதற்குக் குறையாமல் தன் அந்தஸ்தைப் பற்றியும் பேசினார் என்கிற பாணியில். ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘எம்மா’வில் குறும்பு இன்னும் அதிகம். நைட்லி தன் மனத்தைத் திறந்துவிட்டார். எம்மா என்ன பதில் சொன்னாள்? சொல்ல வேண்டியதைத்தான் சொன்னாள், கண்ணியமான பெண் எப்போதும் அப்படித்தான் என்று கதவைச் சாத்திவிடுகிறார் ஆஸ்டின்.

கதவைச் சாத்திய அறைக்குள் கேமராவைக் கொண்டுபோக வேண்டிய இயக்குநர் என்ன செய்வார்? எதையாவது இட்டு நிரப்பித்தான் ஆக வேண்டும். 2005 படத்தில் ஜோ ரைட் அந்தக் காட்சியைக் கொட்டும் மழைக்குக் கொண்டுபோனார். நாவலில் அது ஒரு பாதிரியார் வீட்டு அறை, மழை கிடையாது. முன்பு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த மழையை நான் ரசிக்கிறேன். கதைசொல்லியின் குரலை எடுத்துவிட்ட வெற்றிடத்தில் அவர் மழையை வைத்திருக்கிறார்.

திரையில் உண்மையில் தொலைவது அந்தக் குரல்தான். வசதியுள்ள, மணமாகாத ஆணுக்கு ஒரு மனைவி கட்டாயம் தேவை என்பது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை என்று நாவல் தொடங்குகிறது. இதை நேர்ப்பொருளில் படித்தால் போச்சு. தேவை அவனுக்கா, அவனைச் சுற்றி வசிக்கும் பெண்களுக்கா என்ற நமுட்டுச் சிரிப்பு அந்த வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தாயும் மகளுமாகச் சொத்தில்லாமல் நிற்கப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பவுண்டுக் கணக்கைத் தாண்டிப் போகாதீர்கள்

நம்மில் பலரும் செய்யும் பெரிய தவறு இது என்பேன். காதல் கதை படிக்க வந்த இடத்தில் வரவு செலவு எதற்கு என்று அந்த வரிகளைக் கண்ணால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். டார்சிக்கு ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். நினைவில் வைக்க வேண்டிய தொகை 40 பவுண்டு.

எலிசபெத்தின் தந்தை பென்னட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 பவுண்டு வருகிறது, மோசமில்லை. ஆனால் அந்த நிலம் ஆண் வாரிசுக்குத்தான் போக வேண்டும் என்று கட்டிவைக்கப்பட்ட சொத்து. அவர் கண்மூடினால் வீட்டோடு சேர்த்து எல்லாம் தூரத்து உறவினர் காலின்ஸுக்கு. மனைவிக்கும் ஐந்து பெண்களுக்கும் மிஞ்சுவது 5,000 பவுண்டு. அந்தக் காலின்ஸே எலிசபெத்திடம் மண்டியிடாத குறையாக மணம் கேட்கும்போது கணக்கையும் எடுத்துச் சொல்கிறார்: உனக்கு உன் தாயின் காலத்துக்குப் பிறகு 4 சதவீத வட்டியில் 1,000 பவுண்டு வரும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆண்டுக்கு 40 பவுண்டு. ஷார்லட் பிராண்டேவின் ‘ஜேன் ஐர்’ நாவலில் தார்ன்ஃபீல்ட் மாளிகையில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஜேனுக்குச் சம்பளமே 30 பவுண்டு என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படங்களில் காலின்ஸ் ஒரு கோமாளி. அவரை எலிசபெத் மறுக்கும்போது அரங்கம் சிரிக்கிறது. நாவலில் அது சூதாட்டம். கையிலிருக்கும் கூரையைத் தட்டிவிடுகிறாள் அவள். அதே காலின்ஸை அவளுடைய தோழி, 27 வயது ஷார்லட், கண்ணைத் திறந்துகொண்டே ஏற்றுக்கொள்கிறாள். அவளை ‘சமரசம் செய்துகொண்டவள்’ என்று ஒதுக்க எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

பென்னட் அம்மாளையும் அப்படித்தான். எப்போது பார்த்தாலும் வரன், வரன் என்று அலறும் அந்த அம்மாளைத் திரையில் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். ‘ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி’ என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த நமக்குத்தான் அந்த அலறல் முதலில் புரிய வேண்டும். வீட்டுக்காரர் புத்தக அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டு கேலி பேசிக்கொண்டிருக்கிறார். கவலைப்பட அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

வேலைக்குப் போனால் என்ன என்று இன்றைய வாசகர் கேட்பார். அதற்கு நம் மொழியிலேயே ஒரு பதில் படமாக இருக்கிறது. 2000இல் ராஜீவ் மேனன் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத் தழுவியது. சொத்து கைமாற, செட்டிநாட்டுப் பெரிய வீட்டை விட்டு அக்காளும் தங்கையும் தாயும் வெளியேறுகிறார்கள். இதுவரை இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பிறகு தபு நடித்த சௌம்யா சென்னையில் வேலை தேடிப் போகிறாள், ஐஸ்வர்யா ராய் நடித்த மீனாட்சி பின்னணிப் பாடகி ஆகிறாள். 1811இல் வந்த நாவலின் டாஷ்வுட் சகோதரிகளுக்கு அந்தக் கதவே கிடையாது. அவர்கள் உறவினர் ஒருவர் கொடுத்த சிறிய வீட்டில் காத்திருக்கிறார்கள். மம்மூட்டி எவ்வளவு பிரமாதம், பாட்டு எப்படி என்பதெல்லாம் பேசித் தீர்ந்த விஷயம். மூலத்தையும் தழுவலையும் அருகருகே வைத்தால் கிடைக்கும் சுவை இந்த மாதிரி இடத்தில் இருக்கிறது.

சட்டமும் இதே ரகம். மனநிலை பிறழ்ந்த மனைவியை மாடியில் பூட்டி வைத்துவிட்டு ஜேனை மணக்கப் பார்க்கும் தார்ன்ஃபீல்ட் மாளிகைக்காரர் ராச்செஸ்டர் ஏன் விவாகரத்து செய்யவில்லை என்று ‘ஜேன் ஐர்’ பார்த்தவர்கள் கேட்கிறார்கள். நாவல் வந்தது 1847இல். இங்கிலாந்தில் விவாகரத்துக்கு நீதிமன்றம் வழிவிட்டதே 1857 சட்டத்துக்குப் பிறகுதான்; அதற்கு முன் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும். மனநோயை ஒரு காரணமாக ஏற்க 1937 வரை ஆயிற்று. அவர் செய்தது நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த சட்டக் கதவும் தெரிந்தால், ஜேன் அந்த வீட்டை விட்டு ஓடுவது இன்னும் கனமாகிறது. திரும்பி வரும்போது அவளிடம் சொந்தப் பணம் இருக்கிறது: சிற்றப்பனிடமிருந்து வந்த 20,000 பவுண்டில், மூன்று உறவினருக்குப் பிரித்துக் கொடுத்ததுபோக 5,000. படங்கள் இதை அவசரமாகக் கடந்துவிடும். நீங்கள் கடக்காதீர்கள்.

எல்லாமே ‘விக்டோரியா காலம்’ அல்ல

நீண்ட கவுன் தெரிந்தால் விக்டோரியா என்று எழுதிவிடுகிறோம். ஆஸ்டின் இறந்தது 1817. விக்டோரியா பிறந்ததே 1819. பிராண்டே சகோதரிகள் அடுத்த தலைமுறை. ஷார்லட் பிராண்டேவுக்கு ஆஸ்டினைப் பிடிக்கவும் இல்லை. நன்றாக வேலி போட்டுப் பராமரித்த தோட்டம் என்று ஒரு கடிதத்தில் நக்கலடித்திருக்கிறார். ஒருவரிடம் எதிர்பார்ப்பதை இன்னொருவரிடம் கேட்டால் இருவரும் ஏமாற்றுவார்கள். 1940இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ படமே உடைகளைச் சில பத்தாண்டுகள் தள்ளிப் போட்டுக் குழப்பியது என்பதால் நம்மை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

தலைப்புக் குழப்பமும் ஒன்று உண்டு. எலிசபெத் கேஸ்கலின் ‘நார்த் அண்ட் சவுத்’ பஞ்சாலை நகரத்துக் காதல் கதை. 2004இல் பிபிசி எடுத்தது. அதே பெயரில் 1985இல் வந்த அமெரிக்கத் தொடர் அவர்களுடைய உள்நாட்டுப் போரைப் பற்றியது. இரண்டு மணி நேரம் பீரங்கிச் சத்தம் கேட்ட பிறகு ‘ஆலை எப்போது வரும்’ என்று விழித்த நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார்.

ஹீத்கிளிஃப் கனவு நாயகன் அல்ல

எமிலி பிராண்டேவின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை அமரக் காதல் என்று நம்பி எடுத்துப் பாதியில் மூடியவர்கள் ஏராளம். அதற்குக் காரணம் பெரும்பாலும் 1939 படம். நாவலில் 34 அத்தியாயங்கள். நாயகி கேத்தரின் இறப்பது 16இல். மீதிப் பாதி அடுத்த தலைமுறையின் கதை: ஹீத்கிளிஃப் பழிவாங்குவதும், அந்தப் பிள்ளைகள் அதிலிருந்து மீள்வதும். படம் அந்தப் பாதியை வெட்டிவிட்டு, இரண்டு ஆவிகள் கைகோத்து நடப்பதோடு முடிந்தது. மீதிப் பாதியை வெட்டினால் ஹீத்கிளிஃப் சோகக் காதலன். முழு நாவலையும் படித்தால், தன்னை நம்பி ஓடிவந்த பெண்ணின் நாய்க்குட்டியைத் தூக்கில் மாட்டிவிட்டு, ‘இவள் என்னைக் காவிய நாயகன் என்று கற்பனை செய்துகொண்டாள்’ என்று ஏளனம் செய்பவன். எச்சரிக்கையை எமிலி அவன் வாயிலேயே வைத்திருக்கிறார். நாம்தான் கேட்பதில்லை.

அந்தப் படத்தைப் பற்றி ஒரு இடைச்செருகல். நாவலில் ஹீத்கிளிஃப் கருத்த நிறத்தவன்; இவன் இந்தியக் கப்பல்காரனின் பிள்ளையாக இருக்குமோ என்று ஒரு பாத்திரம் ஊகிக்கிறது. படத்தில் அவனாக நடித்தவர் வெள்ளையரான லாரன்ஸ் ஒலிவியர். வெள்ளைக்காரக் கேத்தரினாக நடித்த மெர்ல் ஓபரானோ பம்பாயில் பிறந்தவர். அதை மறைத்து, டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டே வாழ்ந்தார்.

இந்த நாவலில் ஜோசப் என்ற கிழவன் பேசும் யார்க்‌ஷயர் வட்டாரப் பேச்சு புரியவில்லை என்று மனம் உடைய வேண்டாம். 1850 பதிப்பில் அக்காள் ஷார்லட்டே அதை மற்றவர்களுக்காக எளிமையாக்க வேண்டியிருந்தது.

பழைய சொல், பழைய மரியாதை

‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது என்று தெரிந்த நமக்கு, ஆங்கிலச் சொல்லும் இருநூறு வருடத்தில் திசை மாறும் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் ‘எம்மா’வில் எல்டன் பாதிரியார் வண்டிக்குள் எம்மாவிடம் ‘மேக்கிங் லவ்’ என்று வரும் இடத்தில் திடுக்கிடாதவர் குறைவு. அன்றைக்கு அதற்குக் காதல் மொழி பேசிக் கெஞ்சுவது என்றுதான் பொருள். அகராதியைச் சொல்லுக்குச் சொல் புரட்டத் தேவையில்லை. தெரிந்த சொல் பொருந்தாமல் உறுத்தும் இடத்தில் மட்டும் நின்று பாருங்கள்.

பெயர்களும் அப்படியே. வெறும் ‘மிஸ் பென்னட்’ என்றால் மூத்தவள் ஜேன். தங்கை ‘மிஸ் எலிசபெத்’. இது தெரியாமல் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று நான் பல பக்கங்கள் தடுமாறினேன். புதிதாக ஊருக்கு வந்த எல்டனின் மனைவி, மரியாதை அடைமொழி இல்லாமல் ‘நைட்லி’ என்று சொல்லிவிட, எம்மா கொதித்துப்போகிறாள். அவளே மணம் நிச்சயமான பிறகும் அவரைப் பெயர் சொல்லி அழைக்க மறுக்கிறாள். திருமணச் சடங்கில் ஒரு முறை சொல்வேன் என்பதோடு சரி. கணவன் பெயரைச் சொல்லாத பாட்டிமார்களைப் பார்த்த நம் வாசகருக்கு இதற்கு அடிக்குறிப்பு வேண்டாம்.

கடிதம்தான் கடைசியாகச் சொல்ல வேண்டியது. மணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அந்தச் சமூகத்தில் ஏறக்குறைய நிச்சயதார்த்தத்துக்குச் சமம். டாஷ்வுட் சகோதரிகளில் தங்கை மேரியன் தன் காதலன் வில்லபிக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்ததும், இருவருக்கும் நிச்சயமாகிவிட்டது என்று அக்காள் எலினார் முடிவு செய்வது அதனால்தான். டார்சி தன் கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் தோப்பில் காத்திருந்து நேரில் கொடுக்கிறார். ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலில் கேப்டன் வென்ட்வொர்த் ஆட்கள் நிறைந்த அறையில், கையுறையை மறந்துவிட்டதாகச் சாக்குச் சொல்லித் திரும்பி வந்து, ஆன் எலியட்டின் முன் கடிதத்தை வைத்துவிட்டுப் போகிறார்.

2007 தொலைக்காட்சிப் படத்தில் அதற்குப் பிறகு ஆன் பாத் நகரத்துத் தெருக்களில் மூச்சிரைக்க ஓடுவாள். நாவலில் ஓட்டம் கிடையாது. அவள் முகம் வெளிறியதைப் பார்த்துப் பல்லக்கு வரவழைக்கிறேன் என்கிறார்கள். பல்லக்கில் ஏறினால் வழியில் அவரைச் சந்திக்க முடியாதே என்று அவளுக்குப் பதைப்பு. ஒருவழியாகத் தங்கை கணவன் சார்லஸ் துணையோடு நடக்கிறாள். யூனியன் தெருவில் வென்ட்வொர்த் எதிர்ப்படுகிறார். சார்லஸுக்கோ துப்பாக்கிக் கடையில் ஒரு நல்ல துப்பாக்கியைப் பார்க்கப் போக வேண்டும், நேரமாகிவிட்டது. கொஞ்சம் இவளை வீடுவரை கொண்டுபோய் விட முடியுமா என்று அவரிடமே கேட்கிறான்.